காருக்குள்ள நாத்தம்

நாய்னா எனக்கு ஆகாது. சின்ன வயசுல கடிச்சது கிடிச்சதுன்னு கதையெல்லாம் ஒண்ணும் கிடையாது. அந்த எச்சில்தான் ஆகாது. எப்பப் பாத்தாலும் ஈரமாத் தொங்குத நாக்கு. அது எங்கெங்க போயிட்டு வந்திருக்குமோன்னு ஒரு நெனப்பு. தெருவுல போகும்போது ஒரு நாய் என் கையை நக்கிட்டுன்னா, சோப்பு போட்டு மூணு தடவை களுவினாலும் அன்னிக்கு அந்தக் கையால சோறு எறங்காது. அப்படிப்பட்டவன் ஒரு நாயைக் காருல ஏத்திக்கிட்டு, புன்னைக்காயல்ல இருந்து களக்காடு வரைக்கும் நூறு கிலோமீட்டர் போனேன். என் மாமனார் அருளப்பனோட காலுக்காகப் போனேன்.

மாமாவுக்கு எழுபத்திரண்டு வயசு. தோணியில கொழும்பு, மாலத்தீவுன்னு நாப்பது வருசம் ஓடின ஆளு. சுகர் வந்து ரெண்டு காலும் மரத்துப் போச்சு. வலது கால் பெருவிரலைப் போன வருசம் எடுத்தாச்சு. எடுத்த எடத்துல புண்ணு ஆறுது, பொறவு வாயைத் தொறக்குது. திரும்ப ஆறுது, திரும்பத் தொறக்குது. போன புதன்கிழமை பாளையங்கோட்டையில டாக்டர் கேட்டாரு, "நான் போட்ட கட்டை வீட்டுல யாரு அவுக்கா?"ன்னு. என் மாமியார் அமலோற்பவம் தரையைப் பாத்தாவ. பொறவு ஒவ்வொண்ணாச் சொன்னாவ.

மத்தியானம் சோறு தின்னு முடிஞ்சதும் மனுசன் குசினிக்குப் பின்பக்கம் நாக்காலியைப் போட்டு, கட்டை அவுத்து, காலை நீட்டிக்கிட்டு உக்காருவாராம். அவரு வளக்குத நாய் வந்து புண்ணை நக்குமாம். அரை மணி நேரம். தினமும். எனக்கு அங்கன ஆஸ்பத்திரியிலயே ஓங்கரிச்சிட்டு வந்துட்டு. டாக்டர் பேனாவை மேசையில வச்சாரு. "இன்னும் ஒரு தடவை சீழ் வச்சா முழங்காலுக்குக் கீழ எடுத்திருவேன். நாயா, காலா? வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க"ன்னாரு.

இந்தக் கூத்துக்கு எல்லாம் காரணம் ஒரு படம். மாமா வீட்டுச் சுவத்துல ஆரோக்கியநாதர் படம் தொங்குது. கொள்ளைநோய்க்காரங்களுக்குப் பணிவிடை செஞ்ச புனிதர். அங்கியை ஒரு பக்கம் தூக்கித் தொடைப் புண்ணைக் காட்டிக்கிட்டு நிப்பாரு, பக்கத்துல வாயில அப்பத்தைக் கவ்விக்கிட்டு ஒரு நாய் நிக்கும். அந்த நாய் நக்கித்தான் அவருக்குப் புண்ணு ஆறிச்சுன்னு சொல்லுவாங்க. நானும் வேதக்காரன்தான், எனக்கும் அவர்ட்ட பக்தி உண்டு. ஆனா அவரு புனிதர்வே. இவரு தோணியில வெங்காய மூட்டை ஏத்தின மனுசன். அந்தப் படத்து நாயும் கருவாடு காயப் போடுத எடத்துல புரண்டு கெடக்குத இதுவும் ஒண்ணா?

இதுக்குப் பேரு கப்பித்தான், கேப்டன்னு அர்த்தம். தோணிக்காரன் வேற என்ன பேரு வைப்பான். செம்பட்டை நெறம், ஒரு காது மடிஞ்சு கெடக்கும், உடம்பு பூரா உண்ணி. வால் நுனியில முடி கிடையாது, வெறும் தோலு. பாத்தாலே கொமட்டும்.

என் பொண்டாட்டி டெல்பின் முடிவாச் சொல்லிட்டா. "அப்பாவுக்குக் கால் வேணும். நாயை எங்கயாவது தூரமா கொண்டுபோய் விடுங்க, திரும்பி வராத தூரத்துக்கு." களக்காட்டுல வாழை போடுத பேச்சிராஜ் எனக்குப் பழக்கம். நான் துறைமுகத்துல சரக்கு ஏத்துததை மேற்பாக்கிற வேலை பாக்கேன், அவன் வாழைக்காய் லோடு கொண்டு வருவான். "காட்டுப்பன்னி தோட்டத்தை உழுதுட்டுப் போகுது அண்ணாச்சி, ஒரு நாய் இருந்தாச் சொல்லுங்க"ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தான். போன் போட்டேன். ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்கன்னான்.

ஞாயித்துக்கிழமை நான் ஷிப்ட் முடிச்சு, வீட்டுக்குக்கூடப் போகாம, துறைமுகத்துல இருந்து நேரே புன்னைக்காயலுக்கு வந்துட்டேன். அந்த வாரம் பூரா மீன்மாவு லோடு. சட்டை, ஷூ எல்லாம் அந்த வாடை. ஷூவைக்கூடக் களட்டலை. வாசல்லயே நின்னேன், உள்ள போனா மாமா அழுது தொலைப்பாருன்னு.

அவரு அழலை. நாய் கழுத்துல கையை வச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருந்தாரு.

"மாப்ளே, நீங்க ஒண்ணு தப்பா நெனச்சிருக்கீங்க"ன்னாரு. "இவன் நக்கிப் புண்ணு வந்துட்டுன்னு நெனைக்கீங்க. அப்படி இல்லை. என் காலைக் கத்தி வச்சு அறுத்தாலும் எனக்குத் தெரியாது. குனிஞ்சு பாக்கவும் முடியலை. பெருவிரல்ல கிளிஞ்சல் குத்திக் கெடந்ததை மொதல்ல மோந்து சொன்னதே இவன்தான். நான் அப்பவே கேக்கலை, விரல் போச்சு. இப்ப இவனைக் கொண்டுபோயிட்டா எனக்கு யாரு சொல்லுவா?"

"மாமி பாப்பாவ."

"அவ ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து கெடக்கு, மாப்ளே."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ராத்திரி பூரா முழிச்ச கண்ணு. இவரு என்னமோ நாயை டாக்டருக்குப் படிக்க வச்ச மாதிரி பேசுதாரு. அதுக்குள்ள அந்தச் சவத்து மூதி எந்திரிச்சு வந்து என் இடது ஷூவுல மூஞ்சியை வச்சுட்டு. மோந்து பாத்துது, நக்கிச்சு, திரும்ப மோந்து பாத்துது. நான் காலை இழுத்தேன். கூடவே வந்துது.

மாமா என் ஷூவையே பாத்தாரு. "மாப்ளே, ஒரு நிமிசம். அந்த ஷூவை..."

"மீன்மாவு மாமா. மீன்மாவு வாடைக்கு நாய் வரத்தான் செய்யும். இதுலயும் ஆரோக்கியநாதரைக் கொண்டு வராதீங்க. காலைப் பாதி அழுக விட்டுட்டு இங்கன உக்காந்து எனக்கு வியாக்கியானம் சொல்லுதீங்க. உங்க மகளுக்காக வந்தேன், இல்லாட்டா இந்த அசிங்கத்தை நான் தொட்டே பாக்க மாட்டேன். வாயை மூடிக்கிட்டு உள்ள போங்க."

மாமனார்ட்ட அப்படிப் பேசப்பிடாது. பேசிட்டேன். முந்தின நாளே வந்திருந்த டெல்பின் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. மாமா வாயை மூடிக்கிட்டாரு.

காரு பழைய ஆல்டோ. பின் சீட்டுல சாக்கு விரிச்சு, அதுக்கு மேல தார்ப்பாய் போட்டு, நாயைக் கதவுக் கைப்பிடியில கட்டினேன். ஆத்தூர் தாண்டலை, நாத்தம் கெளம்பிட்டு. நாய் நாத்தம் நமக்குத் தெரியும், நனைஞ்ச கம்பளி வாடை. இது அப்படி இல்லை. இனிப்பும் அழுகலும் கலந்த ஒரு வீச்சம். தொண்டையில போய் உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்குது. நாலு கண்ணாடியையும் எறக்கினேன். காத்துக்காலம், ரோட்டு மண்ணெல்லாம் கண்ணுக்குள்ள வந்துச்சே தவிர நாத்தம் போகலை.

ஏரல் ரோடு வெள்ளத்துக்குப் பொறவு எப்படிக் கெடக்குன்னு அங்கன உள்ளவங்களுக்குத் தெரியும். குண்டுல எறங்கி ஏறினதுல நாய் வாந்தி எடுத்துட்டு. மஞ்சளா, நுரையா, நடுவுல முழுசு முழுசா மீன்குடலு. ஓரமா நிறுத்தி, பேப்பர் எடுக்க டிக்கியைத் தொறந்தேன். திரும்பி வந்து பாக்கேன், எடுத்த வாந்தியை அதுவே தின்னுக்கிட்டு இருக்கு. சொட்டு விடலை. தார்ப்பாயையும் நக்கிட்டு, ரொம்பத் திருப்தியா என்னைப் பாத்துது. நான் ரோட்டோரம் குத்தவச்சு, காலையில குடிச்ச காப்பியைக் கக்கினேன். டெல்பின் பூசைக்குப் போகத் தேய்ச்சுக் குடுத்த லேஞ்சி, கைக்குட்டை, பையில இருந்துது. அதை எடுத்து வாயைத் துடைச்சேன், மூக்கைச் சுத்திக் கட்டிக்கிட்டேன், காரை எடுத்தேன்.

ஸ்ரீவைகுண்டத்துல ஒண்ணுக்கு நிறுத்தினேன். நாய்க்குத்தான் நிறுத்தினேன், எனக்கும் வந்துட்டு. ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சேன். நாக்கு வறண்டுபோய்க் கெடந்துது. ராத்திரி முழிப்புன்னா அப்படித்தான். மறுபடியும் கருங்குளத்துல நிறுத்தினேன். அந்தத் தடவை எனக்காகவேதான். நான் திரும்பி வர்றதுக்குள்ள, நாய் கயித்தைக் கடிச்சு அறுத்துட்டு முன்சீட்டுக்கு வந்துட்டு.

அடிச்சு வெரட்டினேன். போகலை. தொட்டுத் தூக்க எனக்கு மனசு வரலை, அந்த உண்ணியும் எச்சிலும். "கெடந்து தொலை"ன்னு காரை எடுத்தேன். நாய் சீட்டுல இருந்து கீழ எறங்கி, கியர் கம்பிக்கு அடியில தலையை நுழைச்சு, என் இடது கால் பக்கம் வந்து படுத்துட்டு. பாளையங்கோட்டை வரைக்கும் ஷூவை நக்கிக்கிட்டே வந்துச்சு. சளப் சளப்னு சத்தம். நான் பாட்டை வச்சேன். பாட்டுக்கு மேல அந்தச் சத்தம் கேக்குது. எனக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நிக்கு.

டாக்டர் ஆஸ்பத்திரி இருக்குத தெரு வழியாத்தான் போனேன். ஒவ்வொரு மாசமும் மாமாவைக் கூட்டிக்கிட்டு வாரதுல அந்த வாசல்ல நின்னு நின்னு எனக்குப் பழகிட்டு. உள்ள எத்தனை பேரு காலுல கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான். டாக்டர் ஒரு தடவை, "நீங்களும் சுகர் பாத்துக்கிடுங்க, நாப்பத்தெட்டு ஆகுதுல்லா"ன்னாரு. எனக்கென்ன டாக்டர், கல்லு மாதிரி இருக்கேன்னேன். துறைமுகத்துல வருசா வருசம் ரத்தம் எடுக்க வருவான். அன்னிக்கு நான் லீவு. ஊசியும் எனக்கு ஆகாது.

முன்னீர்பள்ளம் தாண்டி ஒரு லாரிக்காரன் சடன் பிரேக் போட்டான். நான் கிளச்சை மிதிக்கப் போறேன், நாய்த் தலை நடுவுல நிக்கு. மயிரிழையில தப்பிச்சேன். வண்டியை ஓரங்கட்டி, அது தாடையில ஒரு மிதி விட்டேன். கதறிச்சு. பாவம்னு தோணலை, நான் பொய் சொல்லலை. ஒண்ணு மட்டும் அப்ப வித்தியாசமா இருந்துது. மிதிச்சது எனக்குத் தெரியலை. அது கதறின சத்தத்தை வச்சுத்தான் பட்டுட்டுன்னு தெரிஞ்சிக்கிட்டேன். கொஞ்ச நாளாவே இடது கால் அப்படித்தான், தலகாணியில மிதிச்சு நடக்குத மாதிரி இருக்கும். கிளச்சு மிதிச்சு மிதிச்சு மதமதன்னு ஆயிட்டுன்னு நெனச்சிருந்தேன்.

மிதி வாங்கியும் அது போகலைவே. கொஞ்ச நேரம் முனகிட்டு, பைய நகர்ந்து வந்து, திரும்ப அங்கனயே மூக்கை வச்சுது. இவ்வளவு மானங்கெட்ட பிராணியை நான் பாத்ததே இல்லை.

சேரன்மகாதேவியில டீ குடிக்க நிறுத்தினேன். ரெண்டு சீனி கூடப் போடச் சொன்னேன், வாய் அவ்வளவு கசந்து கெடந்துது. டீக்கடைக்காரன் செல்வமணின்னு பேரு, கடைப் பலகையில எழுதியிருந்தது. கிளாஸைக் கண்ணாடி வழியா நீட்டினவன் முகத்தைச் சுளிச்சிக்கிட்டுப் பின்வாங்கினான்.

"என்ன அண்ணாச்சி, உள்ள என்ன செத்துக் கெடக்கு?"

"நாய்வே. நாய் நாத்தம்."

"எங்க வீட்டுல மூணு நாய் கெடக்கு. நாய் இப்படி நாறாது. எலி ஏதும் செத்துக் கெடக்கா பாரும்."

டிக்கியைப் பாத்தேன். சீட்டுக்கு அடியில கையை விட்டுத் தடவினேன். ஒரு எளவும் இல்லை. கடைக்காரன் கடைக்குள்ள போய் நின்னுக்கிட்டான், நான் டீ குடிக்குத வரைக்கும் வெளிய வரலை. ஒரு நாயால ஒரு மனுசனுக்கு இதைவிடக் கேவலம் வேண்டாம்.

களக்காட்டுல பேச்சிராஜ் தோட்டத்து வாசல்லயே நின்னான். கழுத்துல மிச்சம் கெடந்த கயித்தை அவன் கையில குடுத்தப்ப எனக்கு உண்டான நிம்மதி இருக்கே, சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வெளிய வந்தாக்கூட அவ்வளவு இருக்காது. அவன் நாயைத் தடவிக் குடுத்து, "நல்ல மூக்கு அண்ணாச்சி. மூக்கைப் பாத்தாலே தெரியுதுல்லா"ன்னான். பம்புசெட்டுல கையைத் தேச்சுத் தேச்சுக் களுவினேன். தார்ப்பாய், சாக்கு, லேஞ்சி மூணையும் அவன் குப்பைக்குழியில எறிஞ்சேன். பின்சீட்டுல ரெண்டு வாளித் தண்ணியை ஊத்தித் துடைச்சேன். சாப்பிட்டுட்டுப் போங்கன்னு கூப்பிட்டான். சோறா? அன்னிக்கா? வாரேன்னுட்டு ஏறிட்டேன்.

வாழைமரத்துல கட்டியிருந்த நாய் என்னைப் பாத்துக் குலைச்சுது. மூஞ்சியைப் பாத்துக் குலைக்கலை. கீழ பாத்துக் குலைச்சுது.

அரைக் கிலோமீட்டர் வந்திருப்பேன். கண்ணாடியெல்லாம் ஏத்தி ஏசியைப் போட்டு, சாஞ்சு உக்காந்து ஒரு மூச்சு இழுத்தேன். அதே நாத்தம். கொறையவே இல்லை. நாய் இல்லை, சாக்கு இல்லை, சீட்டு களுவியாச்சு. அதே இனிப்பு, அதே அழுகல்.

கால்வாய் ஓரமா காரை நிறுத்தினேன். பின்சீட்டுல மூக்கை வச்சு மோந்து பாத்தேன். ஈர வாடைதான். முன்சீட்டுல ஒண்ணும் இல்லை. நாய் படுத்திருந்த எடத்துல, கீழ, குனியக் குனியக் கூடிக்கிட்டே போச்சு. நானும் நாய் மாதிரித்தான் தலையை உள்ள விட்டு மோந்துக்கிட்டுக் கெடந்தேன். கிளச்சுல பழுப்பா ஈரம். எச்சில்னு நெனச்சு விரல்ல தொட்டேன். எச்சில் இவ்வளவு பிசுபிசுன்னு இருக்காது. விரலை மோந்து பாத்தேன்.

பொறவு சீட்டுல உக்காந்து, காலை வெளிய நீட்டி, ஷூவைக் களட்டினேன்.

சாக்ஸ் தோலோட ஒட்டிக் கெடந்துது. உரிச்சேன். உள்ளங்கால்ல, விரலுக்குக் கீழ, ஒரு ரூபாய் அளவுக்குக் குழி. சுத்திக் கறுப்பு, நடுவுல மஞ்சள். அமுக்கினா வழியுது. ஷூவைக் கவுத்துப் பாத்தேன். மூட்டை அடுக்குத பலகையில அடிக்குத ஆணி ஒண்ணு அடியில ஏறி, அரை இஞ்சு உள்ள நீட்டிக்கிட்டு நின்னுது. என்னிக்கு ஏறிச்சுன்னு தெரியலை. மூணு நாளா, அஞ்சு நாளா? அது மேல ஏறி நின்னுக்கிட்டு எட்டு எட்டு மணி நேரம் வேலை பாத்திருக்கேன். நூறு கிலோமீட்டர் கிளச்சு மிதிச்சிருக்கேன்.

மாமா காலைப் பாத்து எத்தனை தடவை மூக்கைப் பொத்தியிருக்கேன். இது என் காலு, இதைப் பொத்திக்கிட்டு எங்கன போக. என் ஒடம்பை நெனச்சு எனக்கே அப்படி அருவருத்துட்டு வந்துச்சு.

பேச்சிராஜுக்குப் போன் போட்டேன். "வே, ஒரு எட்டு வாரும், கால்வாய்ப் பக்கம் நிக்கேன். பாளையங்கோட்டை வரைக்கும் நீர்தான் காரை ஓட்டணும்"னேன். சரின்னான். வைக்கப் போனான். "நாயையும் கூட்டிக்கிட்டு வாரும்"னேன்.

பொறவு டெல்பினுக்கு அடிச்சேன். மாமாதான் எடுத்தாரு. போனை மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருந்திருப்பாரு போல.

"கப்பித்தானை விட்டாச்சா மாப்ளே? ஏதும் தின்னானா?"

"டெல்பின்ட்டக் குடுங்க மாமா. டாக்டர் நம்பர் வேணும்."

"யாருக்கு?"

கால்வாய்த் தண்ணி ஓடுத சத்தம் போன் வழியா அவருக்கும் கேட்டிருக்கும்.

"இடது காலுல்லா?"ன்னாரு.

ஆமான்னேன்.

"காலையிலயே ஷூவைக் களட்டச் சொல்லத்தான் வாயெடுத்தேன் மாப்ளே"ன்னாரு. குத்திக் காட்டலை, சும்மா சொன்னாரு. பொறவு கொஞ்சம் பொறுத்து, "வலிக்கா?"ன்னு கேட்டாரு.

"இல்லை மாமா."

"வலிக்காது"ன்னாரு.